நோவுக்கும் அளவு உண்டு

காய்ச்சலை அளப்பதற்கு வெப்பமானி இருக்கிறது. குருதி அமுக்கத்தை அளப்பதற்கும் ஒரு கருவி இருக்கிறது. உடம்பில் சீனி எவ்வளவு என்பதை ஒரு துளிக் குருதியைக் கொண்டே அறிந்துவிடலாம். ஆனால் தலையிடியோ, நாரிநோவோ, புற்றுநோயின் வேதனையோ எவ்வளவு என்று வைத்தியருக்குக் காட்டித்தரும் கருவி இன்றுவரை எந்தக் கிளினிக்கிலும் இல்லை. நோகிறவர் சொன்னாற்றான் மற்றவர் அறியலாம். ‘தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததும் இதனையே.

ஆனால் நம்மிற் பெரும்பாலானோர் நோவைச் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். வயலில் நின்றவர்களுக்கு உடம்பு நோவது நாளாந்த விடயம். ஊரை விட்டு வந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வாழ நேர்ந்தபோது, ‘உயிர் தப்பியதே பெரிது, இதையும் ஒரு நோவென்று சொல்வதா’ என அடக்கிக்கொள்ளவும் பழகிக்கொண்டோம். வைத்தியசாலைக்குப் போனாலும் நீண்ட வரிசை. வைத்தியருக்கு முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் ‘உடம்பெல்லாம் நோகுது டொக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, தந்த குளிசையை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். நோ குறையாதபோது கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறோம். அந்தக் கடைக் குளிசையே சிலருடைய சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுத்துவிடுகிறது.

நோவை ஒழுங்காகச் சொல்வதும், ஒழுங்காகக் கேட்டு எழுதுவதும், மருந்து கொடுத்தபின் மீண்டும் கேட்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியாகும். இதில் வைத்தியருக்கும் தாதியருக்கும் ஒரு பங்கு உண்டு. நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. நமது பங்கு எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நோ எதற்காக?

நோ உடம்பின் காவற்காரன். காலில் முள் ஏறினால் நரம்புகள் அச்செய்தியை முண்ணாணுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கிருந்து அது மூளைக்குப் போகிறது. நாம் காலை எடுக்கிறோம், முள்ளைப் பிடுங்குகிறோம். இந்தக் காவற்காரன் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீரிழிவு நோயாளர்களிடம் காணலாம். பாதம் விறைத்துப்போனதால் ஆணி ஏறியதும் தெரியாமல், காயம் புண்ணாகி, ஈற்றில் காலையே இழந்தவர்கள் உண்டு.

செய்தி மூளைக்குப் போகும் வழியில் அதனைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ‘வாயில்’ போன்ற ஓர் ஏற்பாடு முண்ணாணில் இருப்பதாக 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். முழங்கால் எங்காவது இடிபட்டால் உடனே கையால் தேய்க்கிறோம். நோ சற்றுக் குறைகிறது. தேய்ப்பதால் எழும் உணர்வு அந்த வாயிலை ஓரளவு அடைத்துவிடுவதே காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். அதேபோல மூளையிலிருந்து கீழ்நோக்கி வரும் செய்திகளும் நோவைக் கூட்டும் அல்லது குறைக்கும். நித்திரையின்மை, பயம், கவலை, தனிமை ஆகியன நோவைக் கூட்டுகின்றன. நல்ல நித்திரை, ஆறுதலான பேச்சு, மனதுக்குப் பிடித்த வேலை ஆகியன குறைக்கின்றன.

இதனால் ஒன்றைத் தெளிவாக உணரலாம். ஒரே அளவான காயம் இருவருக்கு ஒரே அளவாக நோவதில்லை. ‘அவனுக்கும் இதே சத்திரசிகிச்சைதான் செய்தது, அவன் இப்படிக் கத்தவில்லையே’ என்று ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவது நியாயமல்ல. நோ பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்ட வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அதனை மதிக்க வேண்டும் என்பதையும், சொல்ல முடியாதவருக்கு நோ இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டது.

நோ எத்தனை வகை?

புதிதாக வந்த நோ ஒன்று. நாட்பட்ட நோ இன்னொன்று. வெட்டுக்காயம், எலும்பு முறிவு, பிரசவம், சத்திரசிகிச்சை ஆகியவற்றால் வருவது புதிய நோ. காரணம் தீர அதுவும் தீரும். 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோ என்பார்கள். நாட்பட்ட நோவில் காயம் ஆறிய பின்னரும் காவற்காரன் கூவிக்கொண்டே இருப்பதுண்டு. இங்கே நோ ஓர் அறிகுறி மட்டுமல்ல. அதுவே ஒரு நோயாகிவிடுகிறது.

நோவின் தன்மையும் முக்கியம். இதனைச் சொல்ல நமது பேச்சுத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, இழுவை, விறைப்பு, முறுக்கு, இறுக்கம் என்பன ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தியைத் தருகின்றன. எரிவு, விறைப்பு, மின்சாரம் அடித்தது போன்ற சுண்டுதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மூட்டிலும் எலும்பிலும் வருவது பெரும்பாலும் உளைவாக இருக்கும். வயிற்றை முறுக்கி விட்டு விட்டு வருவது குடலிலோ சிறுநீர் வழியிலோ அடைப்பு இருப்பதைக் காட்டலாம். நெஞ்சின் நடுவே பாரம் வைத்தது போன்ற இறுக்கம் இருதய நோயாக இருக்கலாம். ஆகவே ‘நோகுது’ என்பதோடு நிறுத்தாமல் எப்படி நோகிறது என்பதையும் நமது சொல்லிலேயே சொல்ல வேண்டும்.

எப்படி அளக்கிறார்கள்?

பெரியவர்களிடம் 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் கேட்பது வழக்கம். 0 என்றால் நோ இல்லை. 10 என்றால் இதைவிட நோ இருக்க முடியாது. 1 முதல் 3 வரை இலேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7க்கு மேல் கடுமை என்று பொதுவாகக் கொள்வார்கள். எண் சொல்ல விரும்பாத முதியவரிடம் ‘இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை’ என்ற சொற்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்கக் கேட்கலாம்.

இந்த எண் பரீட்சைப் புள்ளி அல்ல. கூட்டிச் சொன்னால் கூடுதலான கவனிப்புக் கிடைக்கும் என்றோ, குறைத்துச் சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும் என்றோ நினைக்க வேண்டியதில்லை. என்னுடைய 6 உங்களுடைய 6க்குச் சமம் என்பதும் இல்லை. காலையில் 8 சொன்னவர் மருந்துக்குப் பின் 4 சொல்கிறாரா என்பதே வைத்தியருக்குத் தேவை. அசையாமல் இருக்கும்போது எவ்வளவு, எழுந்து நடக்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் சொல்வது நல்லது. படுத்திருக்கும்போது 2 என்றும் இருமும்போது 8 என்றும் சொல்லும் சத்திரசிகிச்சை நோயாளிக்கு மருந்து போதவில்லை. அவர் நோவுக்குப் பயந்து இருமாமலும் மூச்சை ஆழ இழுக்காமலும் கிடந்தால் நெஞ்சிலே சளி கட்டி நியூமோனியா வரலாம். நடக்காமற் கிடந்தால் காலில் குருதி உறையலாம். நோவைக் குறைப்பது சுகப்படுத்துவதற்கும் தேவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

சிறுவர்களுக்கு முகங்களின் படம் காட்டப்படும். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை 6 முகங்கள் அதில் இருக்கும். பிள்ளை தன் நோவுக்குப் பொருத்தமான முகத்தைத் தொட்டுக் காட்டும். 1980களில் அமெரிக்காவில் உருவான இந்தப் படம் இன்று பல நாடுகளில் உபயோகத்தில் இருக்கிறது. படம் இல்லாவிட்டால் நாமே ஒரு தாளில் கீறிக் காட்டலாம்.

பேசத் தெரியாத குழந்தையிடம் ஐந்து விடயங்களைப் பார்ப்பார்கள்: முகம், கால்கள், உடலின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை கொடுத்து, மொத்தம் 10க்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். இம்முறை 1997இல் வெளியிடப்பட்டது. இதிலே தாயின் சாட்சி பெரிதும் உதவும். ‘பசிக்கு அழுகிற அழுகை இதுவல்ல’ என்று தாய் சொன்னால் அதனை வைத்தியர் கவனத்திற் கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு நோ தெரியாது என்ற எண்ணம் மருத்துவ உலகிலும் நெடுங்காலம் இருந்தது. 1980கள் வரை மேல்நாடுகளிற்கூட, பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய நோநீக்கி இல்லாமலே சத்திரசிகிச்சை செய்யப்பட்டதுண்டு. 1987இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பின்னரே இந்த எண்ணம் மாறத் தொடங்கியது.

ஞாபகம் தடுமாறும் முதியவர்களும் தமது நோவைச் சொல்ல மாட்டார்கள். முகத்தைச் சுழித்தல், தொட்டால் தட்டிவிடுதல், வழமைக்கு மாறாகக் கோபப்படுதல், சாப்பாட்டைத் தள்ளுதல், நித்திரையின்றி முனகுதல் ஆகியவற்றைக் கண்டால், ‘வயது போனால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் எங்கே நோகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

வைத்தியரிடம் என்ன சொல்வது?

வரிசையில் நிற்கும்போதே பின்வருவனவற்றை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டால் அந்தச் சில நிமிடங்கள் வீண்போகாது.

1. எங்கே நோகிறது? ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். வேறு இடத்துக்குப் பரவுகிறதா?
2. எப்போது தொடங்கியது? திடீரென்றா, மெல்ல மெல்லவா? விழுந்ததா, பாரம் தூக்கியதா?
3. எப்படி நோகிறது? உளைவா, எரிவா, குத்தா, இறுக்கமா?
4. எவ்வளவு? இருக்கும்போது 10க்கு எத்தனை, வேலை செய்யும்போது எத்தனை?
5. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?
6. இந்த நோவால் எதைச் செய்ய முடியவில்லை? நித்திரை, நடை, சாப்பாடு, மண்வெட்டி பிடித்தல், பிள்ளையைத் தூக்குதல் என்று ஒன்றைச் சொல்லுங்கள்.
7. இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள்? கடையில் வாங்கியதையும் நாட்டு வைத்தியரிடம் வாங்கியதையும் ஒளிக்க வேண்டாம். மட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.
8. வேறு நோய்கள் உண்டா? சிறுநீரக நோய், ஈரல் நோய், இரைப்பைப் புண், நீரிழிவு, ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவற்றை அவசியம் சொல்லுங்கள்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது. ஒருவரும் இல்லாவிட்டால் ‘மெதன ரிதெனவா’ (இங்கே நோகிறது) என்ற இரண்டு சொற்களும், நோகும் இடத்தைத் தொடும் விரலும், விரல்களால் காட்டும் எண்ணும் பெருமளவுக்கு உதவும்.

நாட்பட்ட நோ உள்ளவர்கள் ஒரு சிறு கொப்பியில் ஒரு வாரத்துக்காவது எழுதிவைக்கலாம். எழுத முடியாத பெரியவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். உதாரணமாக:

காலை 6 மணி: இருக்கும்போது 3, நடக்கும்போது 7. பரசிற்றமோல் 2 குளிசை.
காலை 7 மணி: இருக்கும்போது 1, நடக்கும்போது 4.
பகல் 11 மணி: குனிந்து களை பிடுங்கியபின் 7. குளிசை எடுக்கவில்லை.
இரவு: நோவினால் 2 முறை விழிப்பு.

இந்த நான்கு வரிகளில் வைத்தியருக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது, ஆனால் பகலுக்கு முன்னர் அதன் பலன் முடிந்துவிடுகிறது, குனிவதே நோவைக் கூட்டுகிறது, நித்திரை கெடுகிறது என்பதை அவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்.

கிளினிக் கொப்பி, வைத்தியசாலையை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள். இடம் மாறி இடம் மாறி வாழ்கிறவர்களுக்கு இந்தப் பையே தொடர்ந்த வைத்தியத்துக்கு வழி.

மருந்துகளை எப்படி எடுப்பது?

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோயாளரின் நோவைக் குறைக்க மூன்று படிகள் கொண்ட ஏணி ஒன்றை வகுத்துக் கொடுத்தது. முதற்படியில் பரசிற்றமோல் போன்றவை. இரண்டாம் படியில் கொடெயின் போன்ற இலேசான அபின் வகை மருந்துகள். மூன்றாம் படியில் மோர்பின். 2018இல் வெளியான புதிய வழிகாட்டலின்படி, இப்படிகளில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோ கடுமையாக இருந்தால் தொடக்கத்திலேயே வலுவான மருந்தைக் கொடுக்கலாம். ஆனால் அன்று சொன்ன இரண்டு விதிகள் இன்றும் மாறவில்லை. இயன்றவரை வாயால் கொடுக்க வேண்டும். மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது விதியை விவசாயிகளாகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்வோம். பயிர் வாடிச் சரிந்த பிறகு தண்ணீர் இறைப்பவர் யாருமில்லை, முறைவைத்து இறைக்கிறோம். தொடர்ச்சியான நோவுக்கும் அப்படியே. நோ உச்சிக்கு ஏறும்வரை பொறுத்திருந்து குளிசை போட்டால் அதனை அடக்கக் கூடிய மருந்து தேவைப்படும். வைத்தியர் ‘6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை’ என்று எழுதியிருந்தால் நோ இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு எடுக்க வேண்டும். ‘நோ வந்தால் மட்டும்’ என்று எழுதியிருந்தால் அப்படிச் செய்ய வேண்டும். எது என்பதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். குளிசை எடுத்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் நோ எத்தனையாகக் குறைந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பரசிற்றமோல்: பனடோல் என்ற பெயரில் நாம் அறிந்த மருந்து இதுவே. வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் குளிசையில் ஒருமுறைக்கு 1 அல்லது 2 எடுக்கலாம். இரண்டு முறைகளுக்கு இடையில் குறைந்தது 4 முதல் 6 மணித்தியாலம் இருக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளுக்கு மேல் எடுக்கவே கூடாது. மிஞ்சினால் ஈரல் கெட்டு உயிராபத்து உண்டாகும். உடம்பு மெலிந்தவர்களுக்கும், ஈரல் நோயாளருக்கும், தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. பிள்ளைகளுக்கு வயதைவிட நிறையே கணக்கு: ஒருமுறைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளொன்றுக்கு 4 முறைக்கு மேற்படாமல். 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். பாணி மருந்தைப் போத்தலோடு வரும் அளவுக் கரண்டியால் மட்டும் அளக்க வேண்டும். தடிமனுக்கென்று விற்கும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம்.

டைக்குளோபெனக், இபுபுறூபன், அஸ்பிரின் போன்றவை: வீக்கத்தோடு கூடிய நோவுக்கு இவை நல்ல பலன் தரும். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் பயன் உண்டு. ஆனால் நாரிநோவுக்கென்று மாதக்கணக்காகக் கடையில் வாங்கிப் போடுவது இரைப்பையில் புண்ணையும் குருதிப்பெருக்கையும் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் வியர்வை சிந்தி, போதிய தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்து நெற்செய்கையாளரிடையே அடையாளம் காணப்பட்டு, இன்றுவரை விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகிறது. அத்தகைய நோயாளருக்கு இந்த மருந்துகள் ஆகாது.

டெங்கு என்று சந்தேகிக்கும் காய்ச்சலிலும் இவ்வகை மருந்துகளை எடுக்கவே கூடாது, குருதிப்பெருக்கு உண்டாகும். உடம்பு முறித்துப் போட்டதுபோல் நொந்தாலும் பரசிற்றமோல் மட்டுமே. கடையில் பெயரில்லாமல் கலந்து சுற்றித்தரும் குளிசைப் பொட்டலத்தை எந்த நோவுக்கும் வாங்க வேண்டாம்.

நரம்பு நோவுக்கான மருந்துகள்: எரிவும் விறைப்புமான நோவுக்குச் சாதாரண நோநீக்கிகள் நன்கு வேலை செய்வதில்லை. அதற்கு அமிட்றிப்டிலின் போன்ற மருந்தை இரவில் சிறிய அளவில் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்தாகையால் ‘எனக்கு விசர்க் குளிசை தந்துவிட்டார்கள்’ என்று சிலர் எறிந்துவிடுவதுண்டு. அது நரம்பின் கூவலை அடக்குவதற்கே தரப்படுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லலாம்.

மோர்பின் பற்றிய பயம்

புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு மோர்பின் எழுதினால் ‘இனி ஆள் முடிந்தது’ என்று வீட்டார் அழத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் மருந்தை வாங்கியும் கொடுக்காமல் ஒளித்து வைக்கிறார்கள். நோயாளி இரவெல்லாம் துடிக்கிறார். இந்தத் துடிப்பிற் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியது.

உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்பின் இடம்பெற்றது. ஒழுங்கான அளவில் கொடுக்கும்போது அது சாவை விரைவுபடுத்துவதில்லை. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோத்தணிப்புப் பணி, ஊர்மக்களின் உதவியோடு எளிய குடும்பங்களிலும் வாயால் கொடுக்கும் மோர்பினைப் பயன்படுத்தி, நோயாளர்களை வீட்டிலேயே பராமரிக்க முடியும் என்று காட்டியது.

சாதாரண மோர்பின் குளிசையின் பலன் ஏறத்தாழ 4 மணித்தியாலம் நிற்கும். ஆகவே நேரம் தவறக் கூடாது. முதற் சில நாட்கள் நித்திரைத் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம். பெரும்பாலும் அவை குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தொடரும். அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். மிகுந்த மயக்கமோ மூச்சு மெதுவாவதோ கண்டால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். திடீரென நிறுத்த வேண்டாம். வேறொருவருக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

எல்லா நோவுக்கும் மோர்பின் மருந்தல்ல என்பதும் உண்மை. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து, நாட்பட்ட நாரிநோ போன்றவற்றுக்கும் இவ்வகை மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டதால் பெருந்தொகையானோர் அவற்றுக்கு அடிமையாகினர், பலர் உயிரிழந்தனர். ஆகவே வைத்தியரின் கண்காணிப்பு அவசியம். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டிப் புற்றுநோயாளரைத் துடிக்க விடுவதும் தவறு.

மருந்தில்லாத வழிகள்

சுளுக்குக்கு முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம். பழைய தசைப்பிடிப்புக்கு இளஞ்சூட்டு ஒத்தடம். விறைத்த இடத்தில் சூடு வைக்க வேண்டாம், வெந்தாலும் தெரியாது. சாதாரண நாரிநோவுக்கு நாட்கணக்காகப் படுத்திருப்பது நன்மை தராது. இயன்ற அளவு நடமாடி, மெல்ல மெல்ல வேலையைக் கூட்டுவதே நல்லது. மூட்டையை இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடித்துக் குந்தி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

மிதிவெடியிலும் செல்வீச்சிலும் கால் கை இழந்தோர் பலருக்கு, இல்லாத காலே நோகிறது. இல்லாத விரல்கள் மடங்கி இறுகுவதாகச் சொல்வார்கள். இது மனப்பிராந்தி அல்ல. காலை உணர்ந்த மூளைப் பகுதியும் வெட்டுப்பட்ட நரம்புகளும் இன்னும் வேலை செய்வதால் வருவது. தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஓர் எளிய வழியைக் காட்டினார். இரண்டு கால்களுக்கும் நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இழந்த காலின் இடத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டு, நல்ல காலை மெல்ல அசைக்க வேண்டும். எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு இது நன்கு பலன் தருகிறது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்டுப் பழகலாம். செயற்கைக் கால் உரசிப் புண்ணாவதாலும் நோ வரும். அதனைத் திருத்தித்தரக் கேளுங்கள்.

மனதின் நோவும் உடம்பின் நோவும்

இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் நோயாளர் இல்லத்தைத் தொடங்கிய வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ், ‘முழு நோ’ என்ற கருத்தை முன்வைத்தார். உடம்பின் நோவோடு மனக்கவலை, குடும்பத்தின் பாரம், ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி ஆகியனவும் சேர்ந்தே ஒருவரை வருத்துகின்றன என்றார் அவர். காணியையும் வீட்டையும் இழந்தவர்களுக்கு, பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு, இதற்கு விளக்கம் தேவையில்லை. பரிசோதனையில் ஒன்றும் காணவில்லை என்று சொன்னாலும் அவர்களுடைய உடம்பு நோவது பொய்யல்ல. கவலையைச் சொல்லி அழ ஒருவர் இருப்பதும், நித்திரைக்கு வழி செய்வதும், தேவையானபோது மனநல வைத்தியரைக் காண்பதும் நோவுக்கான சிகிச்சையே.

எப்போது உடனே போக வேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டால் நோநீக்கி போட்டுப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும்.

– நெஞ்சில் இறுக்கம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் நோ.
– திடீரென வந்த, முன் ஒருபோதும் அறியாத கடுந்தலையிடி. அல்லது காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய தலையிடி.
– வயிறு பலகைபோல் இறுகிய நோ. டெங்குக் காய்ச்சலில் வயிற்றுநோவும் தொடர்ந்த வாந்தியும்.
– நாரிநோவோடு கால் பலமிழத்தல், சலம் அடைத்தல் அல்லது தெரியாமற் போதல்.
– கர்ப்பிணிக்கு வயிற்றுநோவும் குருதியும்.
– ஆண் பிள்ளைகளுக்கு விதையில் திடீர் நோ.
– பாம்பு கடித்த எந்த நோவும். இதற்கு அஸ்பிரினோ டைக்குளோபெனக்கோ கொடுக்க வேண்டாம்.

நோ முழுவதும் இல்லாமற் போக வேண்டும் என்பது எல்லா நேரத்திலும் நடக்கக் கூடியதல்ல. நாட்பட்ட நோவில் 8ஐ 4 ஆக்கி, இரவில் நித்திரை கொள்ளவும், கிணற்றடி வரை நடக்கவும், ஒரு பாத்தி கொத்தவும் முடிந்தால் அதுவே பெரிய வெற்றி. எந்த வேலையை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அதை இலக்காக வைத்துச் சிகிச்சை நடக்கட்டும். கொடுத்த மருந்து போதாவிட்டால் ‘இன்னும் நோகிறது’ என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அது முறைப்பாடும் அல்ல, நன்றிகெட்ட பேச்சும் அல்ல. வைத்தியருக்கு வேண்டிய தகவல். நம் வீட்டில் ஒருவர் நோகிறது என்று சொன்னால், பொறுத்துக்கொள் என்று சொல்லுமுன் எங்கே, எப்படி, எவ்வளவு என்று கேட்போம்.